ஸ்பேனரால் தட்டினால்

4 மார்ச்

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் முகவரியை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் வாங்கினேன். தர மாட்டேன் என்று முதலில் முரண்டு பிடித்தார். அவருடைய மகளின் பள்ளிச் சீருடை என் தையல் மெஷினில்தான் கிடக்கிறது என்று நினைவூட்டினேன். உடனே எழுதிக் கொடுத்துவிட்டார்.

உன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது உனக்கு அப்போதே தெரியும் என்றும் அவர்தான் சொன்னார். தெரிந்தும் ஒரு வரி எழுதவில்லை. சரி, அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் இல்லை. வண்டியைப் பற்றிக் கேட்க எழுதுகிறேன்.

உன் அண்ணனுக்கு வலது கையும் வலது காலும் பாதிதான் கேட்கின்றன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வரவில்லை. இனி வருவது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காது மட்டும் முன்பைவிடக் கூர்மை. சமையலறையில் நான் முணுமுணுப்பதைக் கேட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முறைக்கிறார்.

வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். இடிபட்டுக் கிடந்ததை வாங்கி நீங்கள் இரண்டு பேரும் உயிர் கொடுத்தீர்களே, அதே வண்டியில். ஓட்டுவது நான்தான். சிரிக்காதே. இப்போதெல்லாம் போகிற வழியில் அவர் இடது கையால் முன்பலகையை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். இந்த நோய்க்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் பயிற்சி கொடுப்பவர். நானும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம்தான் கவனித்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து நான் காலை எடுக்கும்போது முன்னால் ஒரு சத்தம் வருகிறது, குழந்தையின் கிலுகிலுப்பையை ஆட்டியது போல. அது வரும்போதுதான் அடிக்கிறார். வண்டி குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்ததுமே வருகிறது.

இரண்டு மெக்கானிக்குகள் வீட்டுக்கு வந்தார்கள். முதல் ஆள் பானெட்டைத் தூக்கியதும் உன் அண்ணன் கையிலிருந்த டம்ளரை விட்டெறிந்தார். இரண்டாவது ஆள் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார் போல, வாசலோடு போய்விட்டார். வேறு யாருடைய கையும் அந்த வண்டிக்குள் போகக் கூடாதாம். என் கையை மட்டும்தான் உள்ளே விடுகிறார். ஆகவே நான்தான் செய்ய வேண்டும். தையல் மெஷினைப் பிரித்துச் சேர்க்கிறவளுக்கு இது கொஞ்சம் பெரிய மெஷின், அவ்வளவுதான். என்ன சத்தம், என்ன செய்யலாம் என்று எழுது.

போனில் பேச வழியில்லை. உன் பழைய எண் செத்துவிட்டது. புது எண்ணைக் கடைக்காரர் தரவில்லை, அதற்குச் சீருடை போதவில்லை. அதுவும் நல்லதுதான். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்டுவிடும்.

நீ வந்தால் ஒரு நாள் வேலை. வர மாட்டாய் என்று தெரியும். அதனால் எழுதியாவது அனுப்பு.

அண்ணி


11 மார்ச்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டர்போவின் வேஸ்ட்கேட் சத்தம். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில்தான் டர்போ சுற்றுகிறது. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் புகையை வேறு வழியில் வெளியே விட ஒரு சின்ன இரும்பு மூடி இருக்கிறது. அதுதான் வேஸ்ட்கேட். மூடியின் கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையை ஒரு கம்பி பிடித்திருக்கும். இணைப்பு தேய்ந்தால் மூடி சரியாக உட்காராமல் ஆடும். அந்த ஆட்டம்தான் கிலுகிலுப்பை.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. வண்டி நன்றாக ஆறிய பிறகு, சாவி உங்கள் பையில் இருக்கும்போது, பானெட்டைத் திறங்கள். இன்ஜினின் பின்பக்கம், துருப்பிடித்த தகட்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவில் வட்டமான டப்பா ஒன்று தெரியும். அதிலிருந்து வரும் கம்பியின் நுனியை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டிக் டிக் என்றால் நான் சொன்னதுதான்.

இனி, நீங்கள் கேட்காமல் கேட்டதற்குப் பதில். அண்ணன் படுத்துவிட்டார் என்று தெரிந்ததும் ரயில் டிக்கெட் எடுத்தேன். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். என்னை நம் வீட்டு மெக்கானிக் ஷெட்டைவிட்டுப் போகச் சொன்னவர் அவர். நீங்களே வாயைத் திறந்து 'வாடா'ன்னு கூப்பிடற வரைக்கும் இங்க கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவன் நான். அவர் வாயைத் திறக்க முடியாத நேரம் பார்த்து உள்ளே நுழைவது எனக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. எதிர்த்துப் பேச முடியாதவர் முன்னால் போய் நின்று, நான் வந்துட்டேன் என்று எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

சோதனை முடிவை எழுதுங்கள்.

தங்கள் கொழுந்தன்


17 மார்ச்

தம்பிக்கு,

மதிப்பிற்குரிய அண்ணியா? நான் பரிமாறிய தட்டில் பத்து வருஷம் சாப்பிட்டவன் எழுதுகிற எழுத்தா இது? போகட்டும்.

ஆட்டிப் பார்த்தேன். டிக் டிக்தான். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும், நாற்காலியில் இருந்த உன் அண்ணன் நிமிர்ந்தார். ஷெட்டில் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி போட்டிருக்கிறேன். சுவரில் உன் ஸ்பேனர்கள் நீ மாட்டிய வரிசையிலேயே இருக்கின்றன. அவற்றை அவர் யாரையும் தொட விட்டதில்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

உன் வீம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அன்றைக்கு நான் உள்ளே மெஷினில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. டாக்ஸிக்காரர் வந்து கத்தியது, வண்டி நடுவழியில் பிஸ்டன் உடைந்து நின்றது, அது என் தம்பி பார்த்த வேலை என்று இவர் சொன்னது, நீ ஒன்றுமே பேசாமல் நின்றது. பேசியிருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமை. ஆள் போன பிறகுதானே நீ கத்தினாய். நீ கால் வைக்க மாட்டேன் என்றதும் இவர் என்ன சொன்னார் என்பதை மறந்துவிட்டாயா? "உன்னக் கூப்பிட்டா என் நாக்கு அழுகிப் போகட்டும்." அந்த நாக்குதான் இப்போது இப்படிக் கிடக்கிறது. அவருக்கு வாயைத் துடைத்துவிடும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வருகிறது. அவருக்கும் வரும். வாயைத் துடைக்கும்போது என் கண்ணை அவர் பார்ப்பதில்லை.

வேலையை எழுது. தேதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அண்ணி


24 மார்ச்

அண்ணிக்கு,

உறையில் ஒரு சின்ன ஸ்பிரிங் கிளிப் வைத்திருக்கிறேன். கீழே கொட்டிவிடாமல் பிரியுங்கள். படமும் வரைந்திருக்கிறேன்.

மேலே இருக்கும் துருப்பிடித்த தகட்டை முதலில் கழற்ற வேண்டும். அதன் போல்ட்டுகளை எடுத்தவுடன் திருகாதீர்கள், முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். மறுநாள் அசையாவிட்டால் மறுபடி அடித்து ஊற விடுங்கள். பொறுமைதான் வேலை. தகடு வந்ததும் கம்பியின் நுனியில் ஒரு ஓட்டை தெரியும், மூடியின் கையில் உள்ள பின் அந்த ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் பூட்டை எடுத்துக் கம்பியை விடுவியுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். மூடியை ஒரு கையால் இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பின்னுக்கு நேரே வைத்துப் பாருங்கள். ஓட்டை பின்னுக்கு எட்டாமல் பாதி ஓட்டை அளவு குறைய வேண்டும். அந்தப் பாதியைக் கையால் இழுத்துத்தான் மாட்ட வேண்டும். நுனியைப் படத்தில் அம்புக்குறி போட்ட பக்கம் திருகினால் கம்பி சுருங்கும், எதிர்ப்பக்கம் திருகினால் நீளும். பாதி ஓட்டை, அதற்கு மேல் வேண்டாம். கம்பியை இன்னும் சுருக்கினால் சத்தம் சுத்தமாக நின்றுவிடும். ஆனால் மூடி திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, அழுத்தம் எல்லாம் இன்ஜின் தலையில் விழும். அண்ணன் இன்னும் இறுக்கச் சொல்வார். கேட்காதீர்கள். மிச்சம் இருக்கும் ஆட்டத்தை நான் அனுப்பிய கிளிப் அடக்கும்.

முடிந்ததும் டப்பாவின் ரப்பர் குழாயைக் கழற்றி, அழுத்தம் காட்டும் முள் வைத்த சைக்கிள் பம்பை அதில் மாட்டி மெதுவாக அழுத்துங்கள். படத்தில் நான் குறித்த கோட்டை முள் தொடும்போது கம்பி அசையத் தொடங்க வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள்.

உள்ளே மூடியின் கை சுழலும் வளையம், புஷ் என்போம், அதுவும் தேய்ந்திருக்கும். அதற்கு டர்போவையே கழற்ற வேண்டும். அது நீங்கள் வீட்டில் செய்யும் வேலை இல்லை. இப்போதைக்கு இது போதும்.

இன்னொன்று. அண்ணனால் பேச முடியாது என்கிறீர்கள். ஷெட்டில் இன்ஜின் ஓடும்போது எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு எப்போதுமே உதவியதில்லை. ஸ்பேனரால் வண்டியின் இரும்பில் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ஸ்டார்ட் செய். அவர் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள், இடது கை போதும். அவருக்கு நீங்கள் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

பாத்திரம் கழுவும்போது நீங்கள் மோதிரத்தைக் கழற்றுவதில்லை. இதற்குக் கழற்றிவிடுங்கள்.

கொழுந்தன்


2 ஏப்ரல்

தம்பிக்கு,

முடித்துவிட்டேன். சத்தம் போயே போய்விட்டது.

அந்த போல்ட்டுகள் என் உயிரை வாங்கிவிட்டன. எண்ணெய் அடிப்பதும் காத்திருப்பதும் மறுபடி அடிப்பதுமாக மூன்று நாள் போனது. ஒன்று அசையவே இல்லை. நான் ஸ்பேனரில் தொங்கிக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் நாற்காலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, இடது கையால் ஸ்பேனரைப் பிடித்து, என் பக்கம் இழுக்காமல் எதிர்ப்பக்கம் ஒரு நூல் தள்ளினார். அதன்பிறகு தானாக வந்தது. அவருடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

ஸ்பேனரால் தட்டுவதும் நடந்தது. நான் கையில் கொடுத்ததும் அதைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு மட்கார்டில் இரண்டு தட்டு. நான் ஓடிப் போய் ஸ்டார்ட் செய்தேன். ஒரு தட்டு, நிறுத்தினேன். மறுபடி இரண்டு. ஊமையாகிவிட்டவருக்குப் பேச்சு வந்தது போல அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் வலி, ஆனால் சொல்லவில்லை.

படத்தை அவர் பார்த்துவிட்டார். மறைத்துத்தான் வைத்திருந்தேன், பானெட்டுக்கு அடியில் விரித்தபோது எட்டிப் பார்த்தார். அம்புக்குறிகளைப் பார்த்ததும் யார் போட்டது என்று தெரிந்துவிட்டது. கையை நீட்டி வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிச்ச வேலையை ஞாபகத்தில் வைத்துத்தான் செய்தேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். நீ சொன்ன பாதி ஓட்டைக்குத்தான் முதலில் வைத்தேன். பாவாடை இடுப்பில் கொக்கி தைக்கிற கணக்குதான் அது. கொஞ்சம் இழுத்து மாட்டினால்தான் நிற்கும், ரொம்ப இழுத்தால் துணி கிழியும். ஆனால் உன் அண்ணன் விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார், இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று. கேட்காதீர்கள் என்று நீ எழுதியிருந்தாய். டாக்ஸிக்காரர் வண்டியில் நீ செய்த வேலைக்குப் பிறகு, உன் பேச்சைக் கேட்பதா அவர் பேச்சைக் கேட்பதா? கோபித்துக்கொள்ளாதே. எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் சொன்னபடியே சுருக்கினேன். கிளிப் மாட்ட இடமே இல்லை, தேவையும் படவில்லை. இப்போது வண்டி பூனை மாதிரி போகிறது.

இன்னொரு சந்தோஷமான செய்தி. நேற்றுக் காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்து, "வண்டு வரட்டும்" என்றார். கொஞ்சம் குழறல்தான், ஆனால் தெளிவாகக் கேட்டது. சின்ன வயசில் ஷெட்டைச் சுற்றி ரீங்காரம் போட்டுக்கொண்டு திரிவாய் என்று அவர் வைத்த பெயர்தானே. வேறு யாரைச் சொல்வார்? கூப்பிட்டுவிட்டார் தம்பி. கிளம்பி வா.

அண்ணி


8 ஏப்ரல்

அண்ணிக்கு,

முதலில் வண்டி. கம்பியைச் சுருக்கி ஓட்டாதீர்கள். முக்கியமாக ஏற்றத்தில் போகாதீர்கள். மூடி திறக்காது. பம்ப் வைத்துப் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பார்த்திருந்தால் முள் கோட்டைத் தாண்டிப் போன பிறகும் கம்பி அசையாமல் நின்றதைக் கண்டிருப்பீர்கள். சத்தம் நின்றதால் நோய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். தயவுசெய்து பழைய அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

டாக்ஸிக்காரர் வண்டியைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

அடுத்தது நீங்கள் எழுதிய சந்தோஷமான செய்தி. அதைப் படித்துவிட்டு வேலைநேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றேன். பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு மறுபடி படித்தேன். அண்ணன் என்னைப் பற்றி யாரிடமும் 'வரட்டும்' என்று சொல்ல மாட்டார். கூப்பிட்டால் 'வாடா'தான். எட்டு ஊருக்கு அப்பால் நான் இருந்தாலும் நேராக என்னிடம்தான் சொல்வார். வார்த்தை இனி வராது என்று முதல் கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் எதற்காக இப்படி எழுதினீர்கள் என்று புரிகிறது. அதனால் கோபப்பட முடியவில்லை. ஆனால் வேண்டாம், அண்ணி. இன்னொரு முறை இப்படி நம்பிவிட்டு என்னால் பெட்டியைப் பிரித்து அடுக்க முடியாது.

கம்பியைத் திருப்பி வைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

கொழுந்தன்


15 ஏப்ரல்

என் தம்பிக்கு,

உன் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பயப்படாதே, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

பயிற்சிக்குப் போகும் வழியில் மேம்பாலத்து ஏற்றம் உனக்குத் தெரியும். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வேகமாக ஏறிவிடலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வண்டி ஒரு துள்ளு துள்ளியது, முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது, அப்படியே சக்தி போய்விட்டது. எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்ததே தவிர ஏறவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் முன்பலகையை அடிக்கவில்லை, முறைக்கவில்லை. கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும் என்பது அந்த முகத்திலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தோம். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். "டாக்ஸிக்காரர் வண்டியிலயும் இப்படித்தான் ஆச்சா? அதையும் இறுக்கினது நீங்கதானா?"

அவர் தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நீ அன்றைக்கு டாக்ஸிக்காரர் முன்னால் ஏன் வாயே திறக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அண்ணன் மானம் போகக் கூடாது என்று நின்றிருக்கிறாய். இத்தனை கடிதம் எழுதியும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நானும் போன கடிதத்தில் உன்னை அப்படி எழுதிவிட்டேன். படிக்கும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொய் சொன்னதும் உண்மைதான். வேறு வழி தெரியாமல் செய்தேன். ராத்திரி அவர் நீ வரைந்த படத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் வண்டி ஆறியதும் அவரே ஷெட்டுக்குக் கையைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். மடிப்பெல்லாம் கிழிகிற நிலையில் இருந்தது. நீ பாதி ஓட்டை என்று எழுதியிருந்த இடத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு விரலை எதிர்ப்பக்கம் சுற்றிக் காட்டினார். நான் நகர்ந்துகொண்டேன். இடது கையால் கம்பியின் நுனியை அவரே திருகி நீட்டினார். விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது, உதவிக்குப் போனால் தட்டிவிட்டார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நீ சொன்ன அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் இழுத்து மாட்டி, லாக் நட்டை இறுக்கி, கிளிப்பைப் போட்டேன். இந்த முறை கிளிப்புக்கு அதன் இடம் இருந்தது. பம்பும் வைத்தேன். நீ குறித்த கோட்டுக்கு முள் வந்ததும் கம்பி அசைந்தது. அவர் அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னார்.

இரண்டு தட்டினார், ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. காலை எடுத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. மேம்பாலத்திலும் ஒரு முறை ஏறி இறங்கினேன், அவர் பக்கத்தில்தான் இருந்தார், விளக்கு எரியவில்லை. வீட்டுக்கு வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

இனிமேல்தான் எனக்குப் புரியாத விஷயம். வேலை முடிந்துவிட்டதே என்று நான் ஸ்பேனர்களைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். இவர் கையில் இருந்ததை மட்டும் கொடுக்கவில்லை. வண்டி பக்கமாகச் சாய்ந்து மட்கார்டில் தட்டினார். மூன்று முறை. இன்ஜின் ஓடவில்லை, நிறுத்தச் சொல்லவும் எதுவும் இல்லை. தவறிப்போய் ஒன்று கூடத் தட்டிவிட்டார் என்று நினைத்து ஸ்டார்ட் செய்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். மறுபடி மூன்று. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. தலையணை வைத்தேன், தள்ளிவிட்டார். எழுந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன், இல்லை. வாசல் கேட்டுக்குப் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே தட்டினார், மூன்று மூன்றாக. சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவில்லை. இன்று காலையிலும் ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்து, போய் உட்கார்ந்து, அதையே செய்கிறார். இதை எழுதும்போதும் எனக்குக் கேட்கிறது.

நீ ஒன்றும் இரண்டும்தான் எழுதியிருந்தாய். மூன்று என்றால் என்ன? நான் எதையாவது சரியாக இறுக்காமல் விட்டுவிட்டேனா? உடனே எழுது.

உன்னை வா என்று இனி நான் கேட்க மாட்டேன். கேட்கிற முகம் எங்களுக்கு இல்லை.

அண்ணி


20 ஏப்ரல்

அண்ணி,

நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறீர்கள்.

மூன்றை நான் எழுதவில்லை. அது உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன். அது எனக்கு மட்டும் உள்ளது. ஒரு வண்டியில் என்ன கோளாறு என்று அண்ணனுக்குப் பிடிபடாமல் போனால், வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போது, தம்பி நீ வந்து பாரு என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். பானெட்டுக்குள் குனிந்தபடியே மூன்று தட்டு தட்டுவார். நான் எந்த மூலையில் இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்பேன். அவருக்கு வாய் நன்றாக இருந்த காலத்திலும் என்னை அவர் அப்படித்தான் கூப்பிட்டார். உதவிக்கு என்று ஒரு நாளும் வாயால் கூப்பிட்டதில்லை. இது தெரிந்திருந்தும் வாயால் கூப்பிட வேண்டும் என்று பந்தயம் கட்டினேன், பாருங்கள்.

இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. அதனால் இந்த முறை நம்புகிறேன்.

நாக்கு அழுகிப் போகட்டும் என்று அவர் சொன்னதை நினைத்து இனி நீங்கள் மருக வேண்டாம். சத்தியம் நாக்கின் மேல்தானே. கைமேல் இல்லையே. அண்ணன் அதைக்கூட யோசித்துத்தான் தட்டியிருப்பார், அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

புது புஷ்ஷை எடுத்துக்கொண்டேன். டர்போவைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். என்னுடைய ஸ்பேனர்களை எடுத்து வரவில்லை, அங்கே சுவரில் இருக்கின்றன.

இதை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போடுவதா, கையிலேயே கொண்டு வருவதா என்று தெரியவில்லை. ஒருவேளை இது எனக்கு முன்னால் வந்து சேர்ந்தால், அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம், திருப்பித் தட்டவும் வேண்டாம். மூன்றுக்குப் பதில் தட்டுவது எங்களுக்குள் கிடையாது. போய்ப் பக்கத்தில் நிற்பதுதான் பதில்.

வண்டு